சோலைராஜின் மடி

யாராவது பேச வந்தால் சோலைராஜ் முதலில் இடது காதிலிருந்து பஞ்சை எடுப்பார். ராஜபாளையத்து மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் மிஷினின் இரைச்சலுக்காக வைத்துப் பழகியது. வீட்டுக்கு வந்தும் எடுக்கத் தோன்றாது. எதிரே நிற்பவர் வாயைத் திறக்கும்போதுதான் நினைவு வரும். எடுத்ததை விரலிடுக்கில் உருட்டியபடி கேட்டுவிட்டு, பேச்சு முடிந்ததும் திரும்ப வைத்துக்கொள்வார். தங்கை கல்பனா பேசினால் மட்டும் இரண்டு காதுப் பஞ்சும் வெளியே வந்துவிடும். எம்.எஸ்ஸி. படித்த பிள்ளை, ஏதோ முக்கியமாகச் சொல்லும் என்று.

மம்சாபுரத்து வீட்டில் அவர் மூத்தவர், அவள் கடைக்குட்டி. இடையில் இருபது வருஷம். கல்பனாவுக்குக் காது குத்த நாள் வைத்தபோது, ஏதோ சீர் தகராறில் தாய்மாமன் வரவில்லை. கோயிலில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மில்லிலிருந்து நேரே வந்த சோலைராஜ், "எம் மடியில வைங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முறை கெட்டுப்போச்சு என்று உறவில் ரொம்ப நாள் பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வராத மாமனைத்தான் கடைசிவரை மன்னிக்கவில்லை.

கல்பனா அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாழ்க்கைப்பட்டாள். மகள் மகிழினி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணன் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, இவளுக்கு மடி என்னோடது. எவன் வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

அந்த மாதமே பொடித்தோடு ஒரு ஜோடி செய்து வைத்தார்.

பிள்ளைக்குத் தலை நிற்பதற்குள் அவர் காது மடல் சிவந்து வீங்கியது. கீழே தொங்கும் சோணை மட்டும் எப்போதும்போல இருந்தது.

"ஏலே சோலை, காத முறுக்குனது யாருலே? வீட்டுக்காரியா, சூப்பர்வைசரா?" என்று மில்லில் கேட்டார்கள்.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு," என்றார்.

பஞ்சால் வந்த புண் என்றார் உள்ளூர் டாக்டர். பஞ்சு வைப்பதை விட்டார். பிறகு காய்ச்சல், தடிப்பு, மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. மாத்திரை தின்றால் அடங்கும், குறைத்தால் திரும்பும். காதுகுத்துக்கு வைத்த நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று.

மதுரையில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். அன்று பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி குடும்ப விவரம் கேட்டுப் படம் போட்டாள். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். அவருடைய கட்டத்தை மட்டும் கறுப்பாக அடைத்தாள். அதிலிருந்து அம்மாவுக்கு, தங்கைக்கு, தங்கை மகளுக்கு என்று கோடு போனது. சோலைராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. தவழ்ந்து வந்தாலும், "மாமனுக்குக் காய்ச்ச இருக்கு தாயி" என்று நகர்ந்துகொள்வார்.

லேப் முடிவு வந்தது. வெக்சாஸ் என்ற நோய், யூபிஏ-1 என்ற ஜீனில் பழுது. கல்பனாவுக்கு அந்த ஜீனின் பெயர் எம்.எஸ்ஸி. பாடத்திலேயே தெரியும். படம் வரைந்து, பாகம் குறித்து, பரீட்சையில் முழு மார்க் வாங்கியிருக்கிறாள். அது கெட்டால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகும் என்று அப்போது கேட்கத் தோன்றவே இல்லை. இப்போது அண்ணன் முன்னால் உட்கார்ந்தாள்.

"பழுதான நூல் கோனை மில்லுல என்னண்ணே செய்வீக?"

"சீட்டு ஒட்டி ஒதுக்குவோம்."

"செல்லுக்குள்ளயும் அப்படித்தான். தேஞ்சுபோன புரதத்துக்கு யுபிக்விட்டின்னு ஒரு சீட்டு. அது சும்மா ஒட்டாது. மொதல்ல ஒரு நொதி அதை ஒட்டுற பதத்துக்குக் கொண்டு வரணும். ஒனக்கு ரத்தம் ஊறுற எடத்துல அந்த நொதி சரியில்ல. கழிவு தேங்குது, ஒடம்பு தன்னையே எரிக்குது."

"அப்போ பசை தடவுறவன் லீவு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைகளுக்கு வராதுல்ல?"

"பெரும்பாலும் வராதுண்ணே. ஆம்பளைகளுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒண்ணுதான..." என்று அவள் தாளில் வரையத் தொடங்கினாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறிய மாசியில், சுந்தரபாண்டியம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் கூடினார்கள். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். சோலைராஜ் தள்ளி, மோட்டார் ரூம் நிழலில் நின்றார்.

"விஜயபாண்டி மடியில வைங்க," என்றார். அவன் சித்தப்பா மகன்.

கல்பனாவுக்கு முகம் கறுத்தது. "எங் காதுகுத்துக்கு எம் மாமன் வரவே இல்ல. நீ வந்து நின்னு வேடிக்க பாக்கியோ? அவருக்காவது சீர்ல ஒரு கோவம். ஒனக்கு என்னண்ணே?"

எல்லோரும் பார்த்தார்கள். அவர் கை பழக்கத்தில் இடது காதுக்குப் போயிற்று. எடுக்கப் பஞ்சு இல்லை. தோட்டுப் பொட்டலத்தை மனைவி பாண்டிசெல்வியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கல்பனா காது குத்தாமலே பிள்ளையை வாரிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பாண்டிசெல்வி போன் செய்தாள்.

"அவிய அழுதுக்கிட்டுக் கெடக்காக கல்பனா. மதுரையில அந்தப் பொண்ணு கறுப்புக் கட்டத்துலருந்து பிள்ள வரைக்கும் கோடு இழுத்துச்சாம்ல. எங் காது நோவு வம்சத்துலயே ஓடுது, எம் மடியில வச்சு அது காதுல ரத்தம் காட்டக் கூடாதுங்காக."

மறுநாள் காலை கல்பனா பிள்ளையோடு மம்சாபுரம் போனாள்.

"அண்ணே, இது பொறப்புல வந்ததில்ல. வயசான காலத்துல ஒன் மஜ்ஜையில ஏதோ ஒரு செல்லுல தானா விழுந்த பழுது. அம்மா ஒனக்குக் குடுக்கல. நீ யாருக்கும் குடுக்கவும் முடியாது. அந்தப் படம் எந்த நோயாளி வந்தாலும் போடுறது, கோடு சொந்தத்தக் காட்டுது, நோய இல்ல."

அவர் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கையிடம் திரும்பினார்.

"அன்னைக்கு அம்புட்டு வெவரம் சொன்னியே தாயி. இதச் சொல்லலையே?"

அவளுடையது கேள்வியாக வந்ததற்கு மட்டுமே விடை எழுதிப் பழகிய படிப்பு. அவர் கேட்க அஞ்சியதை அவளாக எப்படிக் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

பிள்ளை அதற்குள் மடியில் ஏறிவிட்டது. அவர் அதன் சோணையை இரண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "வைகாசியில நாள் பாரு," என்றார்.

சித்திரையில் நுரையீரலில் சளி கட்டியது. ஆம்புலன்சில் ஏற்றும்போது மாஸ்க்கை விலக்கி, "மடி பாக்கி நிக்கி, கல்பனா வீட்டு மாப்ளட்ட சொல்லு," என்று பாண்டிசெல்வியிடம் சொன்னார். மதுரையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

கருமாதி அன்று பாண்டிசெல்வி பொட்டலத்தைக் கல்பனா கையில் வைத்து அழுத்தினாள். மகிழினி இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். மூளிக்காது என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். விஜயபாண்டி நல்லவன், கூப்பிட்டால் வேலையைப் போட்டுவிட்டு வருவான். கல்பனா இன்னும் கூப்பிடவில்லை. மாமியார் கேட்டால், "அது எங்கண்ணன் செய்ய வேண்டியது அத்தை," என்கிறாள்.