பஜ்ஜி யார் போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பார்க்கப் போனோம்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? கல்யாணப் பெண்ணும் கூட வந்தாள். கூட என்ன... அவள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்!

என் அக்கா மகள் கௌசல்யா. வீடு அக்காள்மடத்தில். இராமேஸ்வரத்தில் ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சர். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் — பட்டுச்சேலையில் நிற்கச் சொன்னார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், “ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று கிளம்பினார்கள். அப்புறம் போனே வராது. வீடே மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரீசார்ஜ் பண்ணச் சொல்லி யாராவது கூப்பிட்டால்கூட மச்சான் — கௌசல்யாவின் அப்பா — எழுந்து நின்று பேசுவார்.

உச்சிப்புளியிலிருந்து அடுத்த இடம் வந்தபோது கௌசல்யா சொல்லிவிட்டாள்: “இனிமே நான் சேலையக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டேன். நாம அங்கன போயி அவரைப் பாப்போம். முடியாதுன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்.”

“ஊரு உலகத்துல இல்லாத வழக்கமால்ல இருக்கு! இந்த எடமும் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போயி நிப்பேன்?” என்று மச்சான் குதித்தார். அக்கா அழுதாள். இந்த மாதிரி நேரத்தில் தாய்மாமன் எதற்கு இருக்கிறான்? மாட்டிக்கொள்ளத்தான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நான்தான் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப... பஜ்ஜி யாரு போடுறது?”

நியாயமான கேள்விதானே? காலம்காலமாகப் பெண் வீட்டு வாழைக்காயைத் தின்றே பழகியவர்கள், பாவம்!

“வீட்டுக்காரவுகதான் போடணும்” என்றேன்.

“சரி... வாங்க. ஆனா எதார்த்தமா வார மாதிரி வாங்க.”

ஒரு வேன் நிறைய ஆள், மடியில் பூ, பழத்தட்டு. இதில் எங்கே எதார்த்தமாகப் போவது? பாம்பன் பாலத்துக் காற்றில் அக்காவின் அழுகை யாருக்கும் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

போய் இறங்கினால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் முழுக்கத் தலைகள். மாப்பிள்ளை சரவணன் பட்டு வேட்டி, முகத்தில் பவுடர் சகிதம் காபித் தட்டோடு வந்தார். குனிந்த தலை நிமிரவே இல்லை. முதல் காபியை எங்கள் வேன் டிரைவருக்குக் கொடுத்தார்!

அடுத்து பஜ்ஜி வந்தது. அப்போதுதான் அந்தக் கூத்து.

தட்டைப் பார்த்ததும் மச்சான் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்து தட்டை வாங்கி, அவர்கள் வீட்டிலேயே அவர்களுக்குப் பரிமாறுகிறார். “எடுத்துக்கங்க... ஏதும் கொறை இருந்தா மனசுல வச்சுக்காதீக!” மாப்பிள்ளையின் அப்பா சும்மா இருப்பாரா? அவருக்கும் பழக்கதோஷம். ஒன்றைக் கடித்துவிட்டு, “உப்புதான் கொஞ்சம் கம்மி” என்றார்.

“நான்தான்யா போட்டேன்” என்றார் சரவணன். அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கௌசல்யா வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

“அய்யா, நீங்க உக்காருங்க. இன்னைக்கி நாமதான் பாக்க வந்தவுக” என்று மச்சானிடம் சொன்னாள்.

மச்சான் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தார். அப்புறம்... கால்மேல் கால்! “பையன் வேற என்ன பலகாரம் செய்வாரு?” என்று கேட்டார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா வாசலில் கைகூப்பி, “என்ன சொல்றீக?” என்றார்.

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்றோம்!”

அந்தம்மாவின் முகம் செத்துவிட்டது. அதே முகத்தை என் அக்காவிடம் பார்த்திருக்கிறேன். சத்தியமாக எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

வேனில் ஏறியிருந்த கௌசல்யா இறங்கி வந்தாள். “அத்தை, கலந்து பேச ஒண்ணுமில்ல. எனக்குப் புடிச்சிருக்கு. ஒங்களுக்கும் அவருக்கும் புடிச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. இல்லன்னாலும் இப்பவே சொல்லிருங்க. போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கது பெரிய கொடுமை அத்தை.”

அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பின்னால் நின்ற சரவணன் தலையை ஆட்டிய ஆட்டில் பவுடர் உதிர்ந்தது.

திரும்பும்போது மச்சான் பாலம் வரைக்கும் உச்சிப்புளிப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் ஏக்கமாகச் சொன்னார்: “முடிஞ்சதுல சந்தோசந்தான்... ஆனா ஒரு வாரமாச்சும் அவுகளைக் காக்க வச்சிருக்கலாம்ல?”

ஒரு வழக்கத்தை எதிர்ப்பது பெரிய விஷயமில்லை. அது நமக்குச் சாதகமாகத் திரும்பிய பிறகும் அதை வேண்டாம் என்பது இருக்கிறதே... அதற்கு ஒரு கௌசல்யா வேண்டும்!