திருகாணி கெட்டுவிட்டது என்று சொன்னேன்

என் மகள் பதினான்கு வயதில் துப்பாக்கி சுடப் போகிறேன் என்றாள். தொண்ணூறுகளில் கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த பெண் பிள்ளைகள் எல்லாம் பரதம் கற்றார்கள், இல்லையென்றால் டியூஷன் போனார்கள். இவள் மட்டும் பள்ளியில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து ஷா ஆலம் பக்கத்து சுடுதளத்தில் சேர்ந்துவிட்டாள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது அவள் அப்பா. எனக்குத் தெரிய வந்தபோது சுடும்போது போடும் சட்டைக்கு அளவுகூட எடுத்தாகிவிட்டது.

சரி, போகட்டும் என்று விட்டேன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அது தோடு. வெறும் காதோடு பெண் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது என்பது என் சட்டம். அவள் போட்டிருந்தது ஏழுகல் தோடு. முன்னால் கல் எடுப்பாக நிற்கும், பின்னால் திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல் நாளே பயிற்சி கொடுக்கும் சிக்கு அதைக் கழற்றச் சொன்னார். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர்; மலாய்க்காரப் பெண், சிரித்த முகம். துப்பாக்கிச் சத்தம் காதைக் கெடுக்காமல் இருக்க எல்லோரும் கிண்ணம் போன்ற பெரிய காதுமூடி மாட்ட வேண்டும், தோடு இருந்தால் அது சரியாகப் படியாது என்றார். நான் என் அரைகுறை மலாயில், திருகாணி கெட்டுப்போய் இறுகிவிட்டது, கழற்ற வராது என்று கூசாமல் பொய் சொன்னேன். மகள் என்னைப் பார்த்தாள். சிக்கு நம்பிவிட்டார். தோட்டின் மேலேயே காதுமூடியை மாட்டிக்கொண்டு சுடத் தொடங்கினாள்.

ஏழெட்டு மாதம் ஓடியது. வீட்டில் கூப்பிட்டால் முதல் தடவை திரும்ப மாட்டாள். இரண்டாவது தடவை "ஆ?" என்பாள். காதில் என்ன பஞ்சா வைத்திருக்கிறாய் என்று தினமும் கத்தினேன். ஒரு சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்று, "ம்மா, எடது காதுக்குள்ள கீன்னு ஒரு சத்தம். நிக்கவே மாட்டேங்குது" என்றாள். அடுப்பை அணைத்தேன். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு ரொம்ப நாளாக என்றாள். நான் திட்டுவேன் என்று சொல்லாமல் இருந்தாளாம்.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, இடது காதில் மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் கேட்பது கொஞ்சம் குறைந்துவிட்டது என்றார். துப்பாக்கி சுடுகிறாள் என்றதும், அவள் பையிலிருந்த காதுமூடியை மாட்டிக் காட்டச் சொன்னார். மாட்டினாள். மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவில், தோடு தூக்கிப் பிடித்திருந்த இடத்தில், அவருடைய சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. இந்த வழியாகத்தான் வெடிச்சத்தம் போயிருக்கிறது என்றார். போனது திரும்பாது. இனி சரியாக அடைத்துக்கொண்டு சுடலாம், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். திருகாணி கதையை மகள் அங்கேயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றே தோட்டைக் கழற்றினேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் காதுமூடியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்க்கும்போது கிண்ணம் இடித்து நகர்ந்தது. காதுக்குள் வைக்கும் பஞ்சு அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். அது இறுக்கமாக அடைத்தது, எல்லாவற்றையுமே அடைத்தது. சிக்கு "பெர்ஹெந்தி" என்று நிறுத்தச் சொன்னது கேட்காமல் இவள் ஒரு குண்டு அதிகமாகச் சுட்டுவிட்டாள். சுடுதளத்தில் அது பெரிய குற்றம். உத்தரவு காதில் விழ ஒரு வழி பண்ணிக்கொண்டு வா, அதுவரை துப்பாக்கியைத் தொடாதே என்று அனுப்பிவிட்டார்கள். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் காது மெஷின் விற்கும் கடை ஒன்று இருந்தது. உள்ளே நுழையும் முன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் பெண்ணுக்குக் காது கேட்காது என்று கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும். அப்போதும் எனக்கு அந்தக் கவலைதான்.

கடைக்கார அக்கா நிதானமானவர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். கொண்டைக்கடலை அளவு இருக்கும். காதுக்குள்ளேயே உட்காரும், கட்டையில் இடிக்காது. உள்ளே சின்ன மைக். பேச்சை எடுத்துக் கொடுக்கும், வெடித்தால் உடனே அடங்கிவிடும். காதுக்கு அச்சு எடுத்துச் செய்தால் நன்றாகப் பொருந்தாதா என்று கேட்டேன். வளர்கிற பிள்ளைக்கு அடுத்த வருஷமே அது லூசாகிவிடும், முனையை மாற்றிக்கொள்கிற மாதிரி வாங்குங்கள் என்றார். பெரிய முனை, நடுத்தர முனை இரண்டும் வழுக்கி வெளியே வந்தன. சின்ன முனைதான் நின்றது. காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகக் கற்றுக்கொடுத்தார். "காப்பாத்துறது மைக் இல்ல லா, இந்த அடைப்புத்தான். பேட்டரி போனாலும் அடைப்பு இருக்கணும்" என்றார். பிறகு மகளின் முதுகுக்குப் பின்னால் போய், பசிக்கிறதா என்று முணுமுணுத்தார். மகள் திரும்பாமலே ஆமாம் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சுடுதளத்துக்கு நானும் போனேன். சிக்கு பின்னாலிருந்து மெதுவாகப் பேசிப் பார்த்துவிட்டு அவளைச் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு நேர் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பார்க்க வருகிறவர்களும் மாட்ட வேண்டும் என்று ஒரு பழைய காதுமூடியைக் கொடுத்தார்கள். உலகமே தூரப் போன மாதிரி இருந்தது. அவள் குப்புறப் படுத்து, கட்டையில் கன்னத்தைச் சாய்த்தாள். தோடு இல்லாத அந்தக் காதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லோர் காதும் அடைத்திருக்கிறது, யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில், "அம்மாதான் உன் காதக் கெடுத்தேன். திருகாணி நல்லாத்தான் இருந்துச்சு. மன்னிச்சிரு" என்று சொன்னேன். என் காது மூடியிருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அவள் தோட்டைக் கழற்றினேனே தவிர, என் தோட்டைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. அது காதுமூடியைத் தூக்கிப் பிடித்த இடைவெளி வழியாகத்தான் அவள் குரல் வந்தது.

"கேக்குதும்மா. பேசாம இருங்க லா, சுடப் போறேன்."