மாதம்மாள் வீட்டு மணி பிளாண்ட்

காய்ந்த மணி பிளாண்ட் இலையை விரலால் அழுத்தினால் சுட்ட அப்பளம் நொறுங்குகிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கள் குடும்பமே நடுங்கிய ஒரு மார்கழி எனக்கு உண்டு.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்குத் தார் ரோடு போடும் கூலி வேலை. ரோடு போகிற திசையில் நாங்களும் போனோம். கடத்தூர், ஏரியூர் என்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு திரிந்ததில் என் படிப்பு எந்தப் பள்ளியிலும் நிலைக்கவில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. அக்கா பிலோமினா அப்படியில்லை. காரிமங்கலத்துக்கு வந்தபோது அவள் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள், அவள் பரீட்சை முடியும்வரை இந்த ஊரைவிட்டு நகர்வதில்லை என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். ஆனால் ரோட்டு வேலைக்காரர்களுக்கு யாரும் லேசில் வீடு தருவதில்லை. மாதம்மாள்தான் தன் வீட்டின் பின்பக்க அறையை எங்களுக்கு விட்டார்.

ராகி விளையும் மேட்டுக்காடும் புளியமரங்களும் அவருக்கு இருந்தன. ஆனாலும் வருகிறவர்களிடம் அவர் பெருமையாகக் காட்டியது, முன்னறை ஜன்னலில் அகலவாய்க் கண்ணாடிப் பாட்டிலில் நின்ற மணி பிளாண்டைத்தான். மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது. அவர் அதைப் "பணக்கொடி" என்பார். ஜன்னல் கம்பியில் ஏறி, கட்டிவிட்ட நூலைப் பிடித்துக்கொண்டு, சாமி படங்களைச் சுற்றி வாசற்கால்வரை அது போயிருந்தது. கார்த்திகை முடிகிற சமயம், மருமகளின் இரண்டாவது பிரசவத்துக்காகப் பெங்களூர் புறப்பட்டவர் சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

"வூட்ட யாரும் தூக்கிட்டுப் போயிடமாட்டாங்க, ஆரோக்கியம். கொடியத்தான் பாத்துக்கணும். அது வாடுச்சின்னா நீ வேற வூடு பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அதில் விளையாட்டு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

மார்கழி பிறந்து, விடியற்காலைப் பனி தெருவை மூடத் தொடங்கியதும் இலைகளின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. குளிர்தான் காரணம் என்று அப்பா ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்தார். நான் அவருடைய மப்ளரை எடுத்துப் பாட்டிலுக்குச் சுற்றினேன், "எனக்கில்லாத மப்ளர் அதுக்கா?" என்றவர், காதுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அக்கா அடிக்கடி தண்ணீர் மாற்றினாள். அப்படியும் இலைகள் காய்ந்து உதிர்ந்தன. அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலையில், தண்ணீர் நாறுகிறதா பார் என்று அக்கா சொன்னாள். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற ரகம் நான். விரலை விட்டு நக்கினேன், கரித்தது.

"அக்கா, இதுல யாரோ கொழம்பு வெச்சிருக்காங்க."

அம்மா அடுப்பை விட்டு மெல்ல எழுந்து வந்தாள். மாதா கோவிலில் மந்திரித்த உப்பைக் கொஞ்சம் வீட்டில் வைத்திருப்பது எங்கள் வழக்கம்; வயிற்றுவலி, கெட்ட கனவு எல்லாவற்றுக்கும் அதுதான்.

"மந்திரிச்ச உப்புதாண்டி. ஒரு சிட்டிகதான் போட்டேன்."

"எப்ப போட்ட?"

"தெனமுந்தான்."

"வாழ மரமே செத்துரும்மா" என்றாள் அக்கா.

வேரைக் கழுவி, காய்ந்ததையெல்லாம் வெட்டி எறிந்து, பச்சை மிச்சமிருந்த ஒரு சாண் தண்டை நல்ல கிணற்றுத் தண்ணீரில் வைத்தாள். சாமி படங்களைச் சுற்றி வெறும் நூல் மட்டும் தொங்கியது. அந்தக் கிறிஸ்துமசுக்கு அம்மா முறுக்கைக்கூட அரை மனதோடுதான் பிழிந்தாள்.

பொங்கலுக்கு முன்பு மாதம்மாள் வந்தார். நூலைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். ஒரே ஒரு குருத்து மட்டும் சுருள் பிரியாமல் நின்றது. அம்மா எதையும் மறைக்கவில்லை.

"நாந்தாங்கக்கா, மந்திரிச்ச உப்பப் போட்டுட்டேன். காலி பண்ணிடறோங்க. பாப்பா பரிட்ச வரைக்கும் மட்டும் விடுங்க."

"வாடினப்புறம் போட்டியா, முன்னயேவா?"

"முன்னயேதாங்க. வாடக்கூடாதுன்னு."

மாதம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் கெளம்பறப்ப திருநீற ஒரு கை அள்ளி உள்ள போட்டுட்டுத்தான் போனேன், வாடக்கூடாதுன்னு. ரெண்டு பக்கமும் புடிச்சா கொடி எங்க பொழைக்கும்?" பிறகு அக்காவைக் கூப்பிட்டார். "நீ இங்கயே இருந்து படி, கண்ணு. இந்த பாட்டில நீதான் பாத்துக்கணும். உங்கம்மாளயும் என்னையும் கிட்ட வுடாத."

அக்கா பாஸானாள். தண்ணீர் மாற்றுவதும் பாடம் படிப்பதுமாக அந்த ஜன்னலடியிலேயே அவள் கிடந்தாள். பெரியவர்கள் இருவரும் தூர நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்குள் ரோடு வேறு பக்கம் திரும்பியது, நாங்களும் கிளம்பினோம்.

எங்கெங்கோ சுற்றி, இப்போது ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை பார்க்கிறேன். எல்லார் பால்கனியிலும் மணி பிளாண்ட் தொங்குகிறது. ஊருக்குப் போகிறவர்கள் சொட்டுச் சொட்டாகத் தானே நீர்விடும் டப்பாவைச் செருகிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துப் போகிறார்கள். எந்தக் குளிரிலும் இலைகள் காய்வதில்லை. வாடினால் வேறு வீடு பார்த்துக்கொள் என்று யாரையும் மிரட்டிவிட்டுப் போக வேண்டிய அவசியம்தான் அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.