ஊறட்டும் மேடம்

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பொட்டளவு தாரை வைத்து அழுத்தி, மெல்லப் பிரிக்கிறார் மேடம். கருநூல் இழைகிறது, விரல்கள் பாதி விரிவதற்குள் அறுந்துவிடுகிறது. "இன்னும் முரண்டு பிடிக்குது" என்று அதனிடமே சொல்லிவிட்டு, துணியில் கையைத் துடைக்கிறார். இழுவையை அளக்க மேசைமேல் இயந்திரம் இருக்கிறது. ஆனாலும், விரலைக் கேட்டுவிட்டுத்தான் அதனிடம் போவார்.

சுரண்டியெடுத்த பழைய சாலை, கலவை ஆலையின் முற்றத்தில் கட்டி கட்டியாகக் குவிந்து கிடக்கும். வெயிலில் வறண்ட அந்தத் தாருக்கு எவ்வளவு எண்ணெய் சேர்த்தால் பழைய பிடிப்பு திரும்பும் என்று சொல்வது அவர் வேலை. சேர்த்த எண்ணெய் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். யார் அவசரப்படுத்தினாலும் "ஊறட்டும்" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தேநீரில் ரொட்டியை நனைக்கும் ஓட்டுநர்கூட, "ஊறிடுச்சா மேடம், தின்னலாமா?" என்று கேட்பார். அவரும் சிரிப்பார்.

இப்போது போடுவது, அவருடைய அக்காள் ஊருக்குச் செல்லும் சாலை. இவர் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். சாலை வேலை முடியும்வரை இவருக்கும் விடுப்பில்லை என்பதால், பேசப் பழகும் மகளை அக்காளிடம் விட்டிருக்கிறார். "போன தடவை புள்ள குழிக்குக் குழி வாந்திடி. ரோடு திறக்கட்டும், அன்னிக்கே கூட்டிட்டு வரேன்" என்றிருந்தாள் அக்காள். குழந்தை இப்போது பெரியம்மாவைத்தான் 'அம்மா' என்கிறது. வீட்டில், கட்டிலோரம் தலையணைகள் அணைகட்டிக் காத்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை திறப்பதாக இருந்தது. மேற்பார்வையாளர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

"மேடம், இன்னும் ரெண்டு கரண்டி எண்ணெய் ஊத்துங்க, இழை தானா நீளும். உங்க பொண்ணுக்காகத்தான் சொல்றேன்."

"நீளும் சார். நல்ல வெயில் அடிச்சா, ரோடு இளகிச் சக்கரத்தோடவே போயிடும். எம்பொண்ணும் அதுலதானே வரணும்?"

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

அவர் பாத்திரத்தை மூடினார். "ஊறட்டும்" என்றார். இம்முறை சிரிக்கவில்லை.

மாலையில் அக்காள் கைப்பேசியில் அழைத்தாள். அதை மேசைமேல் சாய்த்துவைத்துக்கொண்டே விரலில் அடுத்த பொட்டை எடுத்தார்.

"துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்டி. ஞாயித்துக்கிழமைதானே?"

"இன்னும் ஒரு வாரம் ஆகும்க்கா."

அக்காள் குழந்தையைத் திரைக்கு முன்னால் தூக்கினாள். "அங்க பாரு, யாரு?"

குழந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு கையை நீட்டியது. அவரும் நீட்டினார். விரலில் தார் இருப்பது கண்ணில் பட, திரைக்கு ஒரு விரற்கடை முன்னால் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.