நால்வருக்கு அளந்த சோறு

வாசகரே, நீங்களே சாட்சி. பட்டிமன்றக் கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கும் நான்தான் எங்கள் வீட்டுச் சிக்கனத் திட்டத்தை முன்மொழிந்தேன். வாரத்துக்கான காய்களைச் சந்தையில் ஒரே நாளில் வாங்குவது, வெள்ளிமலைச் சாமையை மூட்டையாக எடுப்பது, வீட்டிலிருக்கும் நால்வருக்கு மட்டும் அளந்து சமைப்பது. அப்பா மகிழ்ந்து வழிமொழிந்தார். அவருடைய சிக்கனம் அடுப்பங்கரையைத் தாண்டி வாசலுக்கு வந்ததே இல்லை.

புதனன்று கரும்பு வெட்டு பற்றிப் பேச வந்த கச்சிராயபாளையத்துக்காரரை அவர் மறித்தார். "சாப்புடாம போனா வூட்டுக்கு மரியாதைங்களா? உக்காருங்க!"

விருந்தினர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். அப்பாவும் தங்கையும் நானும் குறைவின்றி உண்டோம். திட்டம் மகத்தான வெற்றி. ஒரு பிடி சாமைகூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. அம்மா வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, நீ சாப்புடல?" என்றார் அப்பா.

"நாலு பேருக்குத்தான அளக்கச் சொன்னீங்க? நாலு பேரு சாப்டாச்சு. கணக்கு சரியாத்தான் கீது."

எத்தனையோ எதிரணிகளை மடக்கிய நான் அம்மாவின் அணிக்கு மாறினேன். அப்பாவின் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்: "நாளையிலேர்ந்து நீ மொதல்ல சாப்புடும்மா. அப்பா கூப்டுற ஆளுக்கு என் சோத்தப் போடு."