எண்ணெய் ஊறிய தூண்

ஒரகடத்தில் லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு பெயின்ட் ஷாப் வேலை. பெயின்ட் அடிக்கும் முன் இரும்பின் மேல் மணலைப் பீய்ச்சி, துருவையும் பிசுக்கையும் எடுக்க வேண்டும். துளி எண்ணெய் இருந்தாலும் பெயின்ட் நிற்காது. பதினோரு வருஷப் பழக்கம். குழம்பில் எண்ணெய் மிதந்தாலே எனக்குக் கை அரிக்கும்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்காகக் கமிட்டி கூடியது. "தூணெல்லாம் ஒரே சுண்ணாம்பும் கரியுமா கீது, இன்னாப்பா பண்றது?" என்றார் தலைவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மணல் பீய்ச்சற மிஷின் வாடகைக்கு எடுங்கண்ணே, ரெண்டே நாள்ல புதுசாக்கிக் காட்டறேன்" என்றேன்.

குழாயை நானே பிடித்தேன். ஒரு தூணில் மட்டும் எண்ணெய் கல்லுக்குள்ளேயே ஊறிக் கறுத்துக் கிடந்தது. அதில் ஏதோ ஒரு பொம்மை புடைத்துக்கொண்டு இருந்தது, யார் பார்த்தது? அங்கே மட்டும் அரை நாள் விடாமல் அடித்தேன். ஊரே மெச்சியது, சால்வைகூடப் போர்த்தினார்கள்.

கோயில் திறந்த முதல் வெள்ளிக்கிழமை என் மனைவி என்னையும் அழைத்துப் போனாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. கையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நேராக அந்தத் தூணிடம் போனவள், சொரசொரவென்று மொட்டையாக இருந்த கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, இதுல இருந்த புள்ளத்தாச்சி பொம்ம எங்க?"

"எந்த பொம்ம?"

"அது வயித்துல எண்ண தடவிக்கினு வந்தா கொழந்த தங்கும்னு எங்கம்மா சொல்லிச்சு. கோயில் வேல ஆரம்பிக்கற வரைக்கும் வாராவாரம் தடவிக்கினு இருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆம்பளைங்ககிட்ட சொல்லக்கூடாதாம். பெயின்டுக்கு முன்னாடி பார்ட்ஸக் கழட்டி வைப்பீங்கல்ல, அந்த மாதிரி எங்கியாவது எடுத்து வச்சிருக்கீங்களா?"

கல்லுக்கு எண்ணெய் தடவினால் பிள்ளை தங்கும் என்று நம்புகிறவன் இல்லை நான். பிறகு ஏன் பயந்தேன்? கோபம் அவள் மேலா, என் மேலா என்றும் புரியவில்லை. "கோயில் ஆபீஸ் ரூம்ல பத்திரமா வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் தெளிந்தது. "அப்ப நீங்களே தடவிட்டு வாங்க. வயித்துல மட்டும்" என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள்.

இப்போது ஏழாம் மாதம். டாக்டர் அதிகம் நடக்கக் கூடாது என்றதால் அவள் கோயிலுக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நான்தான் கிண்ணத்தோடு போகிறேன். வயிறு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் தூண் முழுக்கத் தடவுகிறேன்.