கை வைத்துப் பார்த்தவர்

எழுபதுகளில் கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய ஒரு மண்ணெண்ணெய்க் கிடங்கில் வேலை பார்த்தேன். கப்பலிலிருந்து டாங்கிக்கு எண்ணெய் ஏறும்போது, அரை மணிக்கு ஒருமுறை உச்சிக்கு ஏறி, அளவு நாடாவை உள்ளே விட்டு மட்டம் பார்க்க வேண்டும். அன்று சித்திரை வெயில். கீழே இருந்த அளவுமுள் இன்னும் நாலடி பாக்கி என்று காட்டியது. அதை நம்பி, ஏறாமலே இரண்டு தடவை ஏறிப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

டாங்கியின் மேல் விளிம்புக்கருகே கயிற்றில் தொங்கியபடி ஒரு வங்காளி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தினக்கூலிக்கு வந்தவர். திடீரென்று கத்தினார்.

"பாபு, ஏகானே டாண்டா!"

இங்கே குளிர்ச்சியாக இருக்கிறது என்கிறார். இந்த வெயிலில் குளிர்ச்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தகட்டில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். சிரிப்பு அப்படியே நின்றது. எண்ணெய் இருக்கும் உயரம் வரைதான் தகடு குளிர்ந்திருக்கும். அளவுமுள் எப்போதோ சிக்கிக்கொண்டிருக்கிறது!

மதிலுக்கு அந்தப் பக்கம் குடிசைகளில் கரியடுப்புகள் புகைய ஆரம்பித்திருந்தன.

"பம்ப்பை நிறுத்தச் சொல்லுங்க! நிறுத்துங்க!" என்று தமிழிலேயே அலறிக்கொண்டு கப்பலை நோக்கி ஓடினேன். பம்ப் நின்றது. உச்சிக்கு ஏறி நாடாவை விட்டேன். நிரம்பி வழிய நாலு விரற்கடைதான் மிச்சம்.

மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "வெரி அலர்ட்!"

"தேங்க் யூ சார்" என்றேன்.

பக்கத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த அந்த பெயின்டர் நிமிர்ந்து, எனக்காகச் சந்தோஷப்பட்டுச் சிரித்தார். அவர் பெயரை நான் அன்றும் கேட்கவில்லை.